நாகலக்ஷ்மியின் கையும் பளபளக்காத காரும்

மாட்டுங்காவில் அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குள் நாகலக்ஷ்மியின் கைக்குத் தப்பிய பொருள் என்று எதுவும் கிடையாது. குத்துவிளக்கு, காஸ் அடுப்பு, தண்ணீர்க் குழாய், கதவுத் தாழ்ப்பாள், பக்கத்து வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள், எல்லாவற்றையும் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற நிலைக்குக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருமுறை ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், வாசலில் இருந்த பித்தளைப் பலகையில் பேரைக் காணோம். தேய்ந்தே போய்விட்டது. நாகலக்ஷ்மி அசரவில்லை. "பேர் எதுக்கு? அதான் நீங்களே வந்துட்டேளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்த காலத்திலும் இதே கூத்துதான். மேனேஜரின் மேஜை மணியை அவள் தேய்க்க ஆரம்பித்தால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், பியூன் ஓடி ஓடி வந்து ஏமாந்து போவான். லோக்கல் ட்ரெயினில் லேடீஸ் பெட்டியின் கைப்பிடிகளைக் கூட விட்டதில்லை. ஒரு சாயங்காலம் துடைக்கிற மும்முரத்தில் மாட்டுங்காவைத் தவறவிட்டு விக்ரோலி வரைக்கும் போய், அங்கே இறங்கி, திரும்பி வருகிற வண்டியில் மறுபடியும் துடைத்துக்கொண்டே வந்தாள். பளபளவென்று இல்லையென்றால் அது சுத்தமே இல்லை என்பது அவள் கட்சி. யார் என்ன சொன்னாலும் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் வேங்கடசுப்ரமணியன். ரயில்வே கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து குமாஸ்தாவாகவே ரிட்டயர் ஆனவர். அந்த மனுஷர் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் குடியிருந்தது: பரவால்லை. சாம்பாரில் உப்பு இல்லையா, பரவால்லை. உப்பு கரிக்கிறதா, அதுவும் பரவால்லை. சோபாவுக்கு அரக்கு நிறத்தில் துணி போட்டுவிட்டு "எப்படி இருக்கு?" என்று நாகலக்ஷ்மி கேட்டாள், பரவால்லை. அவர் சட்டை, அவர் மூக்குக்கண்ணாடி, பாத்ரூம் டைல்ஸ், பிள்ளைக்கு நகுல் என்ற பெயர், அந்தப் பிள்ளை படிக்க வேண்டிய படிப்பு, எல்லாம் நாகலக்ஷ்மி தேர்ந்தெடுத்ததுதான். "அவருக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். எல்லாத்துக்கும் நான்தான் பாக்கணும்" என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, மனதார நம்பியும் இருந்தாள்.

அந்த வேங்கடசுப்ரமணியன்தான், லைப்ரரிக்குப் போகிறேன் லைப்ரரிக்குப் போகிறேன் என்று சாயங்காலங்களில் கிளம்பிப் போய், ஒரு நாள் செம்பூர் ஷோரூமிலிருந்து காரோடு வந்து நின்றார். கருஞ்சாம்பல் நிறம். பளபளப்பு என்பது பேருக்குக் கூட இல்லை.

நாகலக்ஷ்மி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து வாட்ச்மேன் ஸ்டூலோடு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"ஏன்னா, பெயிண்ட் அடிக்கறதுக்குள்ள ஏன் எடுத்துண்டு வந்துட்டேள்?"

"அடிச்சாச்சு, நாகு."

"எங்கே?"

"இதான் பெயிண்ட். மேட்னு பேரு. பளபளக்காது."

"பளபளக்காதா!" யாரோ செத்துப்போனதாகத் தகவல் வந்த மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "கிரைண்டர் கல்லு கலர்ல இருக்கே! இதுக்கா காசு குடுத்தேள்?"

எப்போதும்போல அவர் தலையை ஆட்டிவிட்டு, பரவால்லை என்று சொல்லி, போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். அவரோ காரின் மேல் கையை மெதுவாக வைத்துக்கொண்டு நின்றார்.

"பாக்கறதுக்கு அமைதியா இருக்கு. என்னைப் பாரு என்னைப் பாருன்னு கத்தலை. எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார்.

எனக்குப் பிடிச்சிருக்கு! கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அவள் கேட்டிராத வாக்கியம் அது. பெண் பார்க்க வந்தபோது கூடப் பரவால்லை என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார். நாகலக்ஷ்மி மாடி ஏறிப் போய், ஏற்கனவே பளபளத்துக்கொண்டிருந்த காபி பில்டரை எடுத்து இன்னொரு தடவை தேய்த்தாள்.

கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்ட அன்று இன்னொரு அதிசயம் நடந்தது. குருக்கள் கிண்ணம் நிறையச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு பானெட்டை நோக்கி வந்தார். வேங்கடசுப்ரமணியன் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே பாய்ந்தார். "ஸ்வாமி! பானெட்ல தடவப்படாது! கறை பிடிச்சா போகாது!" அவர் குரல் அவ்வளவு பெரிது என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. குருக்கள் மிரண்டுபோய்ச் சந்தனத்தை நம்பர் பிளேட்டில் அப்பினார், குங்குமத்தைக் கண்ணாடியில் வைத்தார், மீதியை என்ன செய்வது என்று தெரியாமல் வேங்கடசுப்ரமணியனின் நெற்றியிலேயே தடவிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் அவர் காரைக் கழுவுகிற அழகைப் பார்க்க மூன்று மாடியிலும் ஆட்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்கு முன் நிழலில்தான் கழுவ வேண்டும். ஒரு வாளியில் மேட் பெயிண்டுக்கென்றே விற்கிற ஷாம்பூ கலந்த தண்ணீர், இன்னொரு வாளியில் துணியை அலசுவதற்கு வெறும் தண்ணீர். முதலில் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்க வேண்டும். பிறகு பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கிற துணியால் தடவ வேண்டும். அழுத்தக் கூடாது. பிரஷ் கூடாது, பாலிஷ் கூடாது, மெழுகு கூடவே கூடாது. கடைசியில் இன்னொரு துணியை விரித்துப் போட்டு ஒற்றி எடுக்க வேண்டும். கூட வந்த கையேட்டை ஷர்ட் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். உறை போட்டு மூடினால் உறையும் தூசியும் உரசுமாம், அதனால் அதுவும் கிடையாது. பிறந்த குழந்தை நகுலை அவர் குளிப்பாட்டியபோது இதில் பாதிக் கவனம் கூட இருந்ததில்லை என்று நாகலக்ஷ்மி ஜன்னலிலிருந்து சத்தமாகவே சொன்னாள்.

இந்த நிலையில் அம்பர்நாத்தில் அவருடைய தமக்கை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. காரிலேயே போகலாமே என்று ஊர் உலகம் நினைக்கும். அவர் நினைக்கவில்லை. அந்த ரோட்டுப் புழுதியில் இந்தக் காரா! ட்ரெயினில் போய் இரண்டு நாள் தங்கி வருவது என்று முடிவாயிற்று. நாகலக்ஷ்மி போக வேண்டாம், காருக்குக் காவல் இருக்க வேண்டும். பார்க்கிங்குக்கு மேலே ஒரு பாதாம் மரம், மரம் நிறையக் காக்காய்.

கிளம்புகிற அன்று அவளைக் கீழே அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "எச்சம் விழுந்தா ஈரத்துணியை அது மேல போட்டு ஊற விடு. அப்புறம் அப்படியே தூக்கிடு. தேய்க்க மட்டும் தேய்க்காதே, நாகு. தேய்ச்ச இடம் பளபளன்னு ஆயிடும், திரும்பி வரவே வராது. எனக்குன்னு நான் கேட்டு வாங்கினது இது ஒண்ணுதான்."

"நான் ஏன் தேய்க்கப் போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை காக்காய் தன் வேலையைக் காட்டியது. நடு பானெட்டில், சட்னி கொட்டினாற்போல. நாகலக்ஷ்மி படியிறங்கி வந்து, சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஈரத்துணி போட்டாள், ஊறவிட்டாள், தூக்கினாள். எச்சம் போய்விட்டது. அந்த இடத்தில் மட்டும் லேசாக ஒரு சாயல் இருந்தது. இருந்ததா இல்லையா என்று கூட நிச்சயமாகச் சொல்ல முடியாது. வேறு யாராவது என்றால் மேலே போய்க் காபி குடித்திருப்பார்கள்.

அவளும் மேலே போனாள். காபி குடித்தாள். காபி உள்ளே இறங்கவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் அந்தச் சாயல்தான் கண்ணில் பட்டது. கை துறுதுறு என்றது. வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்தால் அவள் என்ன செய்வாளோ, அதைத்தான் செய்தாள். பூஜை அலமாரியிலிருந்து ஒரு கை நல்ல விபூதியை எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கு விபூதி மாதிரி வேறு ஒன்று வருமா? பழைய வேஷ்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டு, இரண்டு சொட்டுத் தண்ணீர். இத்தனூண்டு இடம்தானே, ஒரே ஒரு தடவைதானே என்று கீழே போய்த் தேய்த்தாள்.

தேய்த்த இடம் மினுங்கியது. அடடா, அந்த சுகத்தை என்ன சொல்ல! இத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாத கார் அவளைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. "வாடி வா, எத்தனை நாள் ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று காரோடு பேசிக்கொண்டே, கை பாட்டுக்கு வட்டம் வட்டமாகச் சுற்ற, அந்த இடம் ஊத்தப்பம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அழகு பார்க்கலாமென்று நாலடி பின்னால் போனாள்.

வழுக்கை. சாட்சாத் வழுக்கை. அடர்த்தியான தலைமுடிக்கு நடுவில் எண்ணெய் தடவின வழுக்கை. அந்த நேரம் பார்த்து வெயில் இலைக்கு நடுவில் இறங்க, ஊத்தப்பத்திலிருந்து வெளிச்சம் கிளம்பி இரண்டாம் மாடி ஜன்னலுக்குள் பாய்ந்தது. "யாருடா அது கண்ணாடி காட்டறது? கண்ணு பூத்துப் போறது!" என்று மேலேயிருந்து கத்தினார்கள்.

ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள் நாகலக்ஷ்மி. என்ன காரியம் பண்ணிவிட்டாள், பாவி! வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பளபளப்பை மங்கவைக்க வேண்டிய கதி அவளுக்கு. அரிசி மாவைத் தூவினாள், காற்று அள்ளிக்கொண்டு போனது. டால்கம் பவுடரை ஒற்றினாள், கார் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி ஆயிற்று. பற்பசையைத் தடவித் துடைத்தாள், முன்னைவிட ஜோராக மின்னியது. வாட்ச்மேன் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "மாஜி, சாப் ஆயேகா தோ க்யா போலேகா?" என்றான். சாப் வந்தால் என்ன சொல்வார்?

அதுதான் அவளைக் கொன்றது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் நாலு நாள் கெஞ்சிப் பார்க்கலாம். அவர் இதைப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி, பரவால்லை என்று சொல்லிவிட்டால்? பிடித்திருக்கிறது என்று அந்த மனுஷர் வாய் திறந்து சொன்ன ஒரே பொருளும் சோபாவோடும் பாத்ரூம் டைல்ஸோடும் போய்ச் சேர்ந்துவிடும். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

டாக்ஸி பிடித்துத் தாராவிக்குப் போனாள். அங்கே நஜிமுதீன் கடை. கடையநல்லூர்க்காரர். சீட் கவர் தைப்பார், வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுவார். அவர்களுடைய பழைய ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்காகச் சீட் தைத்துக் கொடுத்த பழக்கம். கடையில் உட்காரக் கூடச் செய்யாமல் அவரைக் கையோடு இழுத்து வந்தாள். எதற்கும் இருக்கட்டுமென்று அவர் ஸ்டிக்கர் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். டாக்ஸி ஜன்னலுக்கு வெளியே சுருளிலிருந்து பிரிந்த கழுகு ஸ்டிக்கரின் இறக்கை வழியெல்லாம் படபடத்தது.

பானெட்டைக் குனிந்து பார்த்த நஜிமுதீன் முதலில் சிரித்துவிட்டார். பிறகு நாகலக்ஷ்மியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"என்ன மாமி, இப்பிடி பண்ணிட்டியளே. எதைப் போட்டுத் தேச்சிய?"

"விபூதி."

"யா அல்லாஹ்." அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தப் பெயிண்ட் மேல கண்ணுக்குத் தெரியாம சொரசொரன்னு இருக்கும் மாமி. அதான் மினுங்காது. நீங்க அந்தச் சொரசொரப்பைத் தேச்சு வழவழன்னு ஆக்கிட்டிய. இனி அது வராது. பானெட் முச்சூடும் புதுசா அடிக்கணும். அடிச்சாலும் பக்கத்துக் கலரோட சேராம தனியாத் தெரியும்."

"வேற வழியே இல்லையா, பாய்?"

நஜிமுதீன் தாடியைச் சொறிந்தார். "ஒண்ணு செய்யலாம். மிச்சத்தையும் தேச்சு, முழுக் காரையும் பளபளன்னு ஆக்கிப்பிடலாம். எனக்கும் அப்பிடி இருந்தாத்தான் பிடிக்கும்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், நாகலக்ஷ்மியின் கண் பிரகாசமாயிற்று. கை கூட முந்தானைக்குப் போனது. பிறகு தன் கையைத் தானே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். "மாட்டேன். அது அவரோடது" என்றாள்.

"அப்படின்னா மறைக்கத்தான் செய்யணும்." நஜிமுதீன் சுருளை வாட்ச்மேன் ஸ்டூலின் மேல் பிரித்தார். கழுகு, தீப்பிழம்பு, மண்டையோடு, வாயைப் பிளந்த புலி. நாகலக்ஷ்மிக்குக் குமட்டியது. "பிள்ளையார் இல்லையா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் கேட் கிறீச்சிட்டது.

தோள்பையும் பட்சணப் பொட்டலமுமாக வேங்கடசுப்ரமணியன் நின்றுகொண்டிருந்தார். காரை நினைத்துத் தூக்கம் வரவில்லையாம், ஒரு நாள் முன்னாலேயே புறப்பட்டு வந்துவிட்டார்.

நாகலக்ஷ்மி என்ன செய்வாள், பாவம்! முந்தானையை விரித்துக்கொண்டு பானெட்டின் மேல் சாய்ந்துவிட்டாள். சினிமாவில் கதாநாயகிதான் அப்படிச் சாய்வாள், முட்டி வலிக்காரிகள் சாய்வதில்லை.

"நாகு, ஏன் அது மேல சாஞ்சிண்டிருக்கே? ஜரிகை கீறும்."

"காத்து வாங்கறேன்."

"எழுந்திரு."

எழுந்தாள். வெயில் ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. ஊத்தப்பம் பளீரென்று அவர் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. வேங்கடசுப்ரமணியன் பார்த்தார். பொட்டலம் கை நழுவி, ஒரு லட்டு காருக்கடியில் உருண்டு போனது. பிறகு, ஆயிரம் தடவை அவள் பார்த்திருக்கிற அதே மாதிரி, அவர் தலை லேசாக ஆட ஆரம்பித்தது. உதடு பிரிந்தது.

"ப..."

"வேண்டாம்!" என்று அலறினாள் நாகலக்ஷ்மி. "பரவால்லைன்னு மட்டும் சொல்லிடாதேங்கோ! நான்தான் தேய்ச்சேன். வேணும்னுதான் தேய்ச்சேன். ரொம்ப சந்தோஷமாத் தேய்ச்சேன். திட்டுங்கோ! உங்களுக்குப் புண்ணியமாப் போறது, ஒரு தடவை திட்டுங்கோ!"

அவர் வாய் திறந்தபடி அப்படியே நின்றது. முகம் சிவந்தது. அப்புறம் பாருங்கள், அணை உடைந்தது.

"எனக்கு அந்த சோபா பிடிக்கலை!" என்று கத்தினார் வேங்கடசுப்ரமணியன். "அரக்குக் கலர் பிடிக்கலை! பாத்ரூம்ல பச்சை டைல்ஸ் போடணும்னு இருந்தது! பையனுக்குக் கோபாலன்னு பேர் வெக்கணும்னு இருந்தது! கோடு போட்ட சட்டை பிடிக்கலை, இந்த மூக்குக்கண்ணாடி காதை அறுக்கறது, உன் வத்தக்குழம்பு வாயில வெக்க வழங்கலை! கார் ஒண்ணு, ஒரே ஒண்ணு, தேய்க்காதேன்னு சொன்னேனா இல்லையா! நான் என்ன குத்துவிளக்கா? நான் சொல்றது உன் காதுலயே விழாதா?"

மூன்று மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. அமெரிக்காவில் இருக்கிற நகுலுக்கு யாரோ வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாகலக்ஷ்மி நின்று கேட்டாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை, வத்தக்குழம்பைச் சொன்னபோது கூடப் பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தாளே! எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு தடவையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்டது யார்?

மூச்சு வாங்கிக்கொண்டு அவர் நிறுத்தியதும் நஜிமுதீன் மெல்லத் தொண்டையைச் செருமினார். "சார், இந்த எடத்துல கழுகை ஒட்டட்டா? இல்லை வேற ஏதும் வேணுமா?"

பிள்ளையார்தான் என்று சொல்ல நாகலக்ஷ்மியின் வாய் திறந்தது. திறந்த வாயை மூடுவதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"அவரைக் கேளுங்கோ, பாய்" என்றாள். "கார் அவரோடது."

வேங்கடசுப்ரமணியன் அவளை ஒரு முறை பார்த்தார். ஸ்டூலுக்குப் போனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார், ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். அமைதியான நிறம் வேண்டுமென்று தேடித் தேடிக் கார் வாங்கிய மனுஷர், கடைசியில் விரலை நீட்டினார்.

"புலி."

"நெசமாவா, சார்?"

"வாயைப் பிளந்துண்டு இருக்கே, அந்தப் புலி. எனக்குப் பிடிச்சிருக்கு."

மஞ்சளும் கறுப்பும், ரத்தச் சிவப்பில் நாக்கு. நாகலக்ஷ்மிக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. "நன்னா இருக்கு" என்றாள். பொய்தான். ஆனாலும் அவள் சொன்ன பொய்களிலேயே அதுதான் ரொம்ப நல்ல பொய்.

நஜிமுதீன் அளவு பார்த்து, ஊத்தப்பம் முழுக்க மறைகிற மாதிரி புலியைப் பதித்தார். "இனி நல்லாத் தேய்க்கணும் சார். உள்ள காத்து நிக்கப்பிடாது. தேய்க்கத் தேய்க்கத்தான் பிடிக்கும்" என்று துணியை நீட்டினார்.

துணியை வேங்கடசுப்ரமணியன் வாங்கிக்கொண்டார். குனிந்தார். நிமிர்ந்தார். கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தார்.

"நாகு, இங்கே வா. நீ தேய்."

"நானா?"

"உன்னை மாதிரி யாருக்கு வரும்?" துணியை அவள் கையில் வைத்து அழுத்தினார். "புலியைத் தாண்டி மட்டும் போகாதே."